புருவம் இல்லாத வெடிக்காரி

முட்டாள்தனத்தில் எத்தனையோ தினுசு உண்டு. பெரும்பாலானவற்றை நான் ஒருமுறையாவது செய்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒன்றை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிடுவதுதான் மரியாதை: வெடிமருந்துச் சாக்கின்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தவன் நான்.

அப்போது எனக்கு மீசை வந்துவிட்டது, புத்தி வந்துகொண்டிருந்தது. கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கிற வேலை. எங்கள் தெருவில் இருந்த வெடிக்காரி அக்காவுக்கு, பக்கத்து மரைக்காயர் கடையிலிருந்து வெடியுப்பும் கந்தகமும் வாங்கிப்போய்க் கொடுப்பேன். அன்றைக்கும் கொண்டுபோனேன். சுமையை இறக்கினேன். பக்கத்தில் ஒரு சாக்கு மெத்தென்று கிடந்தது. உட்கார்ந்தேன். மடியிலிருந்து பீடியை எடுத்தேன். தீக்குச்சியை உரசினேன்.

முற்றத்தில் கரி இடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். நான் பதறிக் குச்சியைக் கீழே போட்டிருப்பேன். இந்தக் கட்டுரையை எழுத ஆள் இருந்திருக்காது. அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். தண்ணீர்ச் சட்டியில் இரண்டு விரலை நனைத்தாள். கோழிக்குஞ்சைப் பிடிக்க வருகிறவள்போல வந்து, குச்சியின் தீயை அந்த விரல்களால் கிள்ளி எடுத்தாள்.

"எந்திரி மக்கா. மெதுவா."

எழுந்தேன்.

"அந்தால உரலு கெடக்கு பாரு. அதில இரி. கஞ்சி குடிச்சியா?"

நான் எதன்மேல் உட்கார்ந்திருந்தேன் என்பது கஞ்சி குடித்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் குடித்த கஞ்சி வெளியே வந்தது. அவள் இன்னொரு சட்டி ஊற்றினாள்.

அவள் முகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில் புருவம் கிடையாது. மருந்துப் புகையிலும் பொறியிலும் பொசுங்கிப் பொசுங்கி, முளைப்பதையே விட்டுவிட்டது. புருவம் இல்லாத முகத்தை யாரும் படிக்க முடியாது. கோபமா, கேலியா, சம்மதமா, மறுப்பா, ஒன்றும் பிடிபடாது. வெடிவேலையில் புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். மறு வருஷமே அந்த வேலையைத் தானே எடுத்துச் செய்ய ஆரம்பித்தபோது, "இது பொம்பள பாக்குத சோலியா?" என்று கேட்கப் போனவர்கள்கூட, அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க வந்ததை மறந்து திரும்பியிருக்கிறார்கள்.

அவள் மருந்து பொய்த்தது கிடையாது. கலந்து முடித்ததும் ஒரு சிட்டிகை எடுத்து உடைந்த ஓட்டில் வைத்து நெருப்புக் கங்கைக் காட்டுவாள். பளிச்சென்று போக வேண்டும், ஓட்டில் கசடு நிற்கக் கூடாது. நின்றால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஓட்டில் பார்க்காத மருந்தை அவள் வெளியே விட்டதில்லை. அதனால் அவள் தந்த மருந்தை வேறு யாரும் சோதித்துப் பார்த்ததும் இல்லை. தாய்ப்பாலைச் சோதிக்கிறோமா என்ன.

எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கதினா வெடி போடுகிறவள் அவள்தான். கதினா என்றால் இரும்புக் குவளை. மருந்தை நிரப்பி, மேலே செங்கல்பொடியை இடித்து இறுக்கி, மண்ணில் நட்டுவைத்துத் தீ வைத்தால், இரணியல் வரைக்கும் கேட்கும் என்று நாங்கள் பீற்றிக்கொள்வோம். ஆனால் கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் எங்கள் ஆட்கள் கால் வைக்கக் கூடாது. தேர்வடம் எங்கள் ஊர் வாய்க்காலான சானலின் கரையில் எங்கள் கையால் முறுக்கியது. வடம் தெருவுக்குள் போகும், முறுக்கியவன் கரையோடு நிற்பான். வெடிக்கும் அதே கதிதான். சானலுக்கு இந்தப் பக்கம் வயலுக்கு நடுவே ஒரு பாறை உண்டு. அக்கா கதினாக்களோடு அதன்மேல் நிற்பாள். உள்ளே தீபாராதனை ஆனதும் மதில்மேல் ஒருவன் ஏறிச் சிவப்புத் துணியை வீசுவான். அவள் தீ வைப்பாள். சாமி அவள் வெடியைக் கேட்கலாம், அவளைப் பார்க்கக் கூடாது. இந்த ஏற்பாட்டை யார் செய்தார்களோ தெரியாது, சாமியைக் கேட்டுச் செய்திருக்க மாட்டார்கள்.

தீ வைத்துவிட்டு ஆண்கள் எல்லாரும் ஓடுவார்கள். அவள் நடப்பாள். நீண்ட கம்பின் நுனியில் கட்டிய கயிற்றுக் கங்கால் திரியைத் தொட்டுவிட்டு, கடைக்கு உப்பு வாங்கப் போகிறவள்போல நடந்து வருவாள். முதுகுக்குப் பின்னால் பூமி அதிரும்.

"ஓடுனா என்ன அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓடுனா மருந்துக்குத் தெரிஞ்சிரும்" என்றாள். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். சொன்னேனே, புருவம் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், தெருவில் நடக்கிற உரிமைக்காகப் பல கோயிலூர்களில் ஆட்கள் திரண்டார்கள். அந்தக் காற்று எங்கள் ஊருக்கும் வந்தது. கையில் கம்போ கல்லோ இல்லாமல் வரிசையாகத் தெருமுனைக்குப் போவது, மறித்தால் அங்கேயே உட்காருவது, அடித்தால் வாங்கிக்கொள்வது. இதுதான் திட்டம். வாங்கிக்கொள்வது என்ற பகுதியில்தான் எனக்குக் கொஞ்சம் சிரமம் இருந்தது.

ஒருநாள் காலையில் பெரிய அடி. போலீஸ் ஒரு பக்கம், தெருக்காரர்கள் கூலிக்குப் பிடித்துவந்த சட்டம்பிகள் மறுபக்கம். சட்டம்பி என்றால் வேறொன்றுமில்லை, அடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவன். வரிசை சிதறியது. ஓடியவர்களில் முதல் ஆள் நான். இதில் மட்டும் எனக்குப் போட்டியே இருக்கவில்லை. என் சித்தப்பா மகன் செல்லையா ஓடவில்லை, அவனுக்கு வலதுகை முறிந்தது. சானல் பாலத்தைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தேன். அக்கா நடந்து வந்துகொண்டிருந்தாள். தோளில் ஒன்று விழுந்தது. முதுகில் ஒன்று விழுந்தது. அவள் நடையின் வேகம் மாறவில்லை. அடித்தவனுக்குக் கடைசியில் என்ன தோன்றியதோ, கம்பை இறக்கிவிட்டு நின்றுவிட்டான்.

"ஓடியிருந்தா நாலு அடி கொறஞ்சிருக்குமே அக்கா."

"கொறஞ்சிருக்கும்" என்றாள்.

கதை அதோடு முடியவில்லை. மத்தியானம் சட்டம்பிகள் ஓலைப் பந்தமான சூட்டைப் பற்றவைத்துக்கொண்டு எங்கள் தெருவைக் கொளுத்த வந்தார்கள். ஆண்களில் பாதிப்பேர் லாக்கப்பில், பாதிப்பேர் வைத்தியர் வீட்டில். மீதி நான். என்னை வைக்கோல் படப்புக்குள் தேட வேண்டியிருந்தது. நெருப்பு வைக்க வருகிறவர்களுக்குப் பயந்து வைக்கோலுக்குள் ஒளிந்தவன் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் வேறு யாராவது உண்டா என்று விசாரித்திருக்கிறேன். இல்லை.

வைக்கோல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். எங்கள் தெருவாசல் இரண்டு கள்ளிவேலிக்கு நடுவே குறுகலாக இருக்கும். அந்த இடத்தில் திருவிழாவுக்கு வைத்திருந்த கதினாக்களை அக்கா வரிசையாக நட்டிருந்தாள். பின்னால் கையில் கங்குக் கம்போடு அவள்.

"ஏ வெடிக்காரி, மாறி நில்லு" என்றான் முன்னால் வந்தவன்.

அவள் முதல் கதினாவைத் தொட்டாள். வெடித்தது. பனைமரத்துப் பறவை எல்லாம் எழுந்து பறந்தது. கூட்டம் நின்றது. ஆனால் முன்னால் நின்றவன் விவரமுள்ளவன்.

"வெறும் சத்தம்டே. கோயில்ல கேக்காத சத்தமா? வாங்கடே."

அக்கா இரண்டாவது கதினாவைக் காலால் சாய்த்தாள். அதன் வாய் இப்போது அவர்களைப் பார்த்து இருந்தது. குனிந்து ஒரு கை சரளைக்கல்லை அள்ளினாள். அவர்கள் எல்லாரும் பார்க்கும்படி, அவசரமில்லாமல், கல்லை அந்த வாய்க்குள் போட்டாள்.

"இது சத்தம் மட்டும் இல்ல" என்றாள்.

அவர்கள் அந்த முகத்தைப் பார்த்தார்கள். அதில் படிக்க ஒன்றும் இல்லை. ஒருவன் சூட்டைக் கீழே போட்டு மிதித்து அணைத்தான். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

பிறகொருநாள் கேட்டேன். "நெசமாவே தீ வெச்சிருப்பியளா அக்கா?"

"கல்லு போட்டத நீ பாக்கலியா?"

"பாத்தேன். வைக்கோலுக்குள்ள இருந்து."

"பொறவு என்ன கேள்வி?"

 அப்போது எனக்கு வந்தது பயமா பக்தியா என்று இன்றும் தெரியாது.

சட்டம்பிகள் வந்துபோன மறுநாளே போலீஸ் வந்து கதினாக்களை அள்ளிக்கொண்டு போனது. லைசென்ஸ் ரத்து. அந்த வருஷத் திருவிழா வெடிச் சத்தமே இல்லாமல் நடந்தது. அக்கா சானல்கரையில் கயிறு முறுக்க உட்கார்ந்தாள். தெருமுனையில் மூங்கிலை வைத்து மறித்து, பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டுச் சட்டம்பிகளும் போலீஸும் காவல் இருந்தார்கள். நாங்கள் போவதும் வாங்குவதும் வருவதுமாக இருந்தோம்.

கையில் கட்டோடு படுத்திருந்த செல்லையா, அந்த மத்தியானத்தை வைத்தியர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தவன். அவனுக்கு அதற்குமேல் வேறு நினைப்பே இல்லை.

"ஒத்த வெடி. ஒரு கை சரளக்கல்லு. அத்தன பேரும் திரும்பிப் போனானுவ. நாம மாசக்கணக்கா முதுகக் காட்டி என்னத்தல சாதிச்சோம்? ஒரு சாண் முன்ன போனமா?"

"போகல்ல."

"அவனுவளுக்கு ஒரு பாஷதான் தெரியும்னா அந்தப் பாஷையிலதான பேசணும்?"

  அந்த வெடி இல்லையென்றால் அன்றைக்கு எங்கள் தெரு சாம்பல். இதை நான் எந்தச் சத்தியாகிரகியிடமும் அடித்துச் சொல்வேன். தெருவைக் காப்பாற்றிய மருந்து தெருவைத் திறக்காதா? செல்லையாவின் கணக்கு அதுதான். காவல் கொட்டகைக்கு அடியில் ஒரு சட்டி மருந்தை வைத்து, கொட்டகையும் மூங்கிலும் சேர்ந்து பறக்க வேண்டும்.

அக்காவிடம் கேட்கப் போனோம். போலீஸ் கண்ணில் படாமல் கோழிக்கூட்டுக்குக் கீழே கொஞ்சம் வெடிச் சரக்கு புதைத்து வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். வாங்கிக் கொடுத்தவனே நான்தானே. செல்லையா எல்லாவற்றையும் சொன்னான். அவள் கயிறு முறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எப்பம்?"

"மத்தியானம். சோறு தின்னுட்டு அசந்து கெடப்பானுவ."

"அப்ப உள்ள ஆளு இருக்கும்."

செல்லையா முறிந்த கையைத் தடவிக்கொண்டான். இடையில் புகுந்து பேச எனக்கு வாய் ஊறியது.

"ஆளு இருந்தாத்தானே அக்கா வெடிக்கு மரியாத?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்து அவள் ஒரு மனிதனை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு கயிற்றை முடிந்துவைத்தாள்.

"வெள்ளிக்கெழம வா. தாறேன்."

வெள்ளிக்கிழமை தந்தாள். கழுத்துவரை மருந்து நிரப்பி, எங்கள் கண்முன்னால் துணியால் வாய்கட்டி, திரி வைத்த மண்சட்டி. செல்லையா அதைக் குழந்தைபோல வாங்கினான். ஒரு சிட்டிகை எடுத்து ஓட்டில் வைத்துப் பார்ப்போமா என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவள் மருந்தை யார் சோதிப்பது?

சட்டியைக் கொண்டுபோகச் செல்லையாவும் கூட்டாளிகளும் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வீரத்துக்காக அல்ல. "இவனப் பாத்தா எவனும் சந்தேகப்பட மாட்டான்" என்றான் செல்லையா. புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

உச்சி வெயில். கொட்டகைக்குப் பின்னால் சானல் ஓரமாகத் தவழ்ந்து போனேன். ஓலை இடுக்கில் பார்த்தேன். சட்டம்பிகள் வரிசையாகக் கிடந்தார்கள். ஓரத்தில் ஒரு வயதான போலீஸ்காரர், இளைப்பு நோய்க்காரர், தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். அவரை எனக்குத் தெரியும். வெயிலில் உட்கார்ந்திருந்த எங்கள் பெண்களுக்கு, யாரும் பார்க்காதபோது ஒரு குடம் தண்ணீரைக் காலால் தள்ளி விட்டவர். கையால் கொடுத்தால் வேலை போய்விடும்.

ஒரு கணம் கை நின்றது. பொய் சொல்லவில்லை, ஒரு கணம்தான். பிறகு சட்டியை ஓலைக்கடியில் தள்ளினேன். திரியைப் பற்றவைத்தேன். அக்காவைப்போல நடக்க வேண்டும் என்று நினைத்தேன். கால் கேட்கவில்லை. ஓடினேன், வழுக்கினேன், சானலில் விழுந்தேன். தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

மூச்சு தீர்ந்தது. வெடி வரவில்லை. தலையைத் தூக்கினேன். கொட்டகையிலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாகப் புகை வந்துகொண்டிருந்தது. கந்தக நாற்றம். உள்ளேயிருந்து ஒவ்வொருவராக இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"எந்த நாசமாப் போனவன்டே கொசுவுக்குப் பொக போட்டது?" என்றான் ஒருவன்.

"சம்முகம்தாண்ணே. நேத்து கொசு கடிக்குன்னு சொன்னான்லா."

சண்முகத்துக்கு இரண்டு அறை விழுந்தது. இளைப்பு நோய்க்கார போலீஸ்காரரை இரண்டுபேர் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். அவர் வெகுநேரம் இருமினார். எங்கள் ஆயுதப் போராட்டத்தால் ஏற்பட்ட சேதம் மொத்தமே அவ்வளவுதான்.

பழி என்மேல் விழுந்தது. "திரிய நனைச்சிருப்பான். பயத்தில வேர்த்திருக்கும்" என்றான் செல்லையா. நானும் ஒப்புக்கொண்டேன். எனக்கு வேர்த்தது உண்மை. அக்காவின் மருந்து பொய்த்தது என்று சொல்வதைவிட நான் நனைத்தேன் என்று சொல்வது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது.

அதன்பிறகும் நடந்தோம். அக்காவும் வந்தாள். வருஷங்கள் ஆயின. கடைசியில் திருவனந்தபுரத்திலிருந்து உத்தரவு வந்தது. தெரு எல்லாருக்கும் பொது. காலையில் மூங்கிலைப் பிடுங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே இளைப்பு நோய்க்காரர். பிடுங்கிவிட்டு மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் அதன்மேலேயே உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.  சானலில் தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தேன். கையால்தான் கொடுத்தேன், அவரும் கையால்தான் வாங்கினார்.

தெரு எதனால் திறந்தது? முதுகைக் காட்டியவர்களாலா, மனு எழுதிய வக்கீல்களாலா? அல்லது இவர்களை இன்னும் அடித்தால் ஒருநாள் இவர்களும் திருப்பி அடிப்பார்கள் என்று மேலே யாருக்காவது பயம் வந்ததா? அப்படிப் பயம் வந்திருந்தால், சரளைக்கல் போட்ட அந்தக் கதினாவுக்கும் அதில் பங்கு உண்டா? செல்லையா சாகும்வரை ஒரே பேச்சுதான் பேசினான். "அன்னைக்கு வெடிச்சிருந்தா மறு வாரமே தொறந்திருக்கும்லே. இத்தன வருஷம் வீணு." கோணலாய் ஒட்டிய அந்தக் கையை நீட்டி அவன் அதைச் சொல்வான். வெடித்திருந்தால் மறு வாரம் என்னைத் தூக்கில் போட்டிருப்பார்கள், எங்கள் தெருவில் ஒரு ஓலைகூட மிஞ்சியிருக்காது என்று மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொள்வேன்.

முப்பதுகளின் நடுவில் மகாராஜாவின் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்து கோயில் கதவும் திறந்தது. அந்த வருஷத் திருவிழாவுக்கு வெடி போட அக்காவைத் தேடிவந்து கூப்பிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் துருப்பிடித்துக் கிடந்த கதினாக்களும் திரும்பி வந்தன. பாறைக்குப் போக வேண்டியதில்லை, கோயில் முன்வெளியிலேயே போடலாம் என்றார்கள்.

அன்றைக்கு எடுபிடி நான்தான். அக்கா மருந்தைக் கலந்து, ஒரு சிட்டிகையை ஓட்டில் வைத்துக் கங்கைக் காட்டினாள். பளிச்சென்று போனது, கசடு நிற்கவில்லை. மீதியை நான் கதினாக்களில் அள்ளிப் போட்டேன். போடும்போதுதான் அதன் நிறம் கண்ணில் பட்டது. சாம்பல் கலந்த கறுப்பு. வெடியுப்பின் வெள்ளை விழுந்ததால் வருகிற நிறம். வெடிக்குப் பலம் தருவதே அந்த உப்புதான், அது இல்லாவிட்டால் கரியும் கந்தகமும் சும்மா புகையும் என்று அவளே எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நான் காவல் கொட்டகைக்குக் கொண்டுபோன சட்டியில் இருந்தது சாம்பல் நிறமா? இல்லை. நல்ல கரிக்கறுப்பு. துணி கட்டுவதற்கு முன்னால் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உள்ளே மணி அடித்தது. சிவப்புத் துணி வீச மதில்மேல் யாரும் ஏறவில்லை. திறந்த வாசல் வழியாகத் தீபாராதனை நேராகத் தெரிந்தது. அங்கேயிருந்து பார்த்தால் அவளும் தெரிந்திருப்பாள். அவள் கொஞ்ச நேரம் தீபத்தைப் பார்த்தாள். பிறகு கம்பை நீட்டித் திரியைத் தொட்டாள். சுற்றி நின்ற எல்லாரும் சிதறி ஓடினார்கள். அவள் நடந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

அவள் தொழிலில் பிழை கண்டுபிடித்துவிட்ட பெருமை என்னை அரித்தது. மெல்லக் கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கு எங்க சட்டியில வெடியுப்பு போட மறந்துட்டியளோ?"

பின்னால் பூமி அதிர்ந்தது. அவள் திரும்பவில்லை, நடையும் மாறவில்லை.

"மறக்கல்ல" என்றாள்.